எல்லை முடிவாகும்வரை நம்முடைய குளம்

போன வாரம் பூவாருக்குப் பஸ்ஸில் போனபோது, தேங்காய்த் தொண்டு, அந்த உரிமட்டை, அழுகும் வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. கயிறு திரிப்பதற்காகக் காயலில் ஊறப்போட்டிருந்தார்கள். எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அந்த வாடை ஒரு காலத்தில் நம் ஊர்க் குளத்துக்கும் வரவிருந்தது என்பதும், உன்னால்தான் அது வராமல் போயிற்று என்பதும் அவருக்கு எப்படித் தெரியும்?

நீ போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. இந்தக் கடிதம் உனக்கு வந்து சேராது. உயிரோடு இருப்பவர்களுக்கு நான் எழுதியவற்றிலும் பாதி போய்ச் சேர்ந்ததில்லை என்பதால் எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை.

பாறசாலையைச் சுற்றிய ஊர்கள் சென்னையோடு சேருமா, திருவனந்தபுரத்தோடு நிற்குமா என்று தெரியாமல் கிடந்த அந்த ஆண்டுகளில், நிம்மதியாகத் தொழில் செய்தவன் நீ ஒருவன்தான். பெஞ்சும் பெட்ரோமாக்ஸும் வாடகைக்கு விடுகிற கடை உன்னுடையது. வெள்ளிக்கிழமை தமிழ்ப் பக்கம் கூட்டம் போட்டால், ஞாயிறு ஆராதனை முடிந்து நீ கடை திறக்கும்போது மலையாளப் பக்கத்தார் வாசலில் நிற்பார்கள். இரண்டு கூட்டத்திலும் எரிந்தது உன் விளக்கு. இரண்டு பக்கமும் அதைத் தங்கள் கொள்கையின் வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டது.

நீ எந்தப் பக்கம் என்று கேட்டால், "நான் பெஞ்சுக்க பக்கமாக்கும்" என்பாய்.

நான் தமிழ்ப் பக்கம். எங்கள் தலைவரான வக்கீலுக்கு மேடைப் பேச்சு எழுதிக்கொடுத்தவன். என் பேச்சுகளில் கடல் கொந்தளிக்கும், மலை நிமிரும். எங்கள் வயலுக்குத் தண்ணீர் தரும் குளத்தைத் தொண்டு ஊறப்போட ஒரு குத்தகைக்காரருக்கு ஏலம் விடப்போகிறார்கள் என்ற செய்தி மட்டும் அவற்றில் வராது. கடலுக்கும் மலைக்கும் நடுவே குளத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நீதான் என்னை நெய்யாற்றின்கரைக்கு இழுத்துப் போனாய். தாலுகா ஆபீசர் நாம் சொன்னதை முழுக்கக் கேட்டார். "அதிர்த்தி தீருமானம் ஆவட்டே" என்றார். எல்லை முடிவாகாமல், குளம் எந்த சர்க்காருடையது என்று தெரியாமல், ஏலத்தை அவர் எப்படி நிறுத்துவார்?

"எந்த சர்க்காருக்க கொளமுன்னு தெரியாம ஏலம் மட்டும் எப்பிடி சாரே விடுவிய?" என்று நீ கேட்டாய்.

அது முன்பே முடிவானது என்றார்.

திரும்பி வரும்போது நீ ஆத்திரத்தில் வேகமாக நடந்தாய். "ரெண்டு கூட்டமும் நம்ம மண்ணு, நம்ம மண்ணுன்னு தொண்ட கிழிய கத்துதாவ. மண்ணுக்க நடுவுல கெடக்க கொளத்தப் பத்தி ஒருத்தனும் வாய் தொறக்கல்ல, கேட்டியா."

"ஒனக்கு என்னலே? ஒனக்கு வயலா இருக்கு?"

"வயலும் இல்ல, வாழையும் இல்ல. எனக்குக் குளிக்கணும் மக்கா, அவ்வளவாக்கும்."

மறுநாள் வக்கீல் உன் கடைக்கு வந்தார். நானும் கூட நின்றேன்.

"வெள்ளிக்கிழமைக்கு வெளக்கு வேணுமே."

"வெளக்கு உண்டு வக்கீலய்யா. சனிக்கிழம காலம்பற கொளத்துக் கமிட்டிக்கு நீங்க வரணும்."

"அது என்ன கமிட்டி?"

"நீங்க வந்தா உண்டாவும்."

மலையாளப் பக்கத்துத் தலைவரான வைத்தியரிடமும் இதையே சொல்லியிருக்கிறாய். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. சனிக்கிழமை குளக்கரையில் ஒரே பெஞ்சுதான் போட்டிருந்தாய். இருவரும் அதன் இரண்டு நுனியில் உட்கார்ந்தார்கள்.

ஒரு விதியோடு ஆரம்பித்தாய். இந்தக் கமிட்டியில் எல்லைப் பேச்சை எடுத்தவர் குளத்தில் இறங்கிப் பாசி வாரவேண்டும். வக்கீல் வைத்தியரை நினைத்துப் புன்னகையோடு சம்மதித்தார். வைத்தியர் வக்கீலை நினைத்துச் சம்மதித்தார்.

வக்கீல் எழுந்து, "தமிழ் மண்ணிலே" என்று தொடங்கி, சட்டென்று நிறுத்தினார். அதற்குள் தவறு நடந்துவிட்டது. வைத்தியர் வயிறு குலுங்கச் சிரித்து, "வக்கீலே, ஈ மண்ணு கேரளத்தின்றெ" என்றார். மண் யாருடையது என்று தானும் சொல்லிவிட்டது உறைத்து, அவரும் அங்கேயே நின்றுவிட்டார். சற்று நேரத்தில் இருவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த தங்கம்மை அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"வக்கீலய்யா, அந்த மூலையிலயும் கொஞ்சம் கெடக்கு. அதையும் எடுத்திருங்க."

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே கதைதான். எல்லையைத் தொடாமல் ஒரு வாக்கியம் பேச இருவருக்கும் வராது. மீனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் எல்லையில் போய்த்தான் முடிப்பார்கள். தலைவர்கள் எப்போதும் தண்ணீரில் இருந்ததால், கரையில் இருந்தவர்கள் முடிவெடுக்கப் பழகிக்கொண்டார்கள். மடையை எந்தக் கிழமை திறப்பது, கடைசி வயலுக்கு முதலில் விடுவதா, மாடு எந்தப் படியில் இறங்கலாம் என்பதையெல்லாம் தங்கம்மை அக்காவும், நாற்று நடுகிறவர்களும், துவைக்க வந்தவர்களும் தீர்த்தார்கள். தலைவர்கள் கரையேறும்போது தலைதுவட்ட வேண்டியதுதான் பாக்கி இருக்கும்.

ஏலத்துக்கு முன் குளத்தைப் பார்வையிட ஆபீசர் வந்தார். வக்கீலும் வைத்தியரும் ஒரே பாசிக் கட்டின் இரண்டு நுனியைப் பிடித்துக்கொண்டு அவரை முறைத்தார்கள். சென்னை வந்தால் ஒருவர் தன் தலைமேல் உட்காருவார், திருவனந்தபுரமே நின்றால் இன்னொருவர் உட்காருவார் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். எல்லை முடிவாகும்வரை ஏலம் இல்லை, அதுவரை குளம் கமிட்டியின் பொறுப்பில் என்று உத்தரவு வந்தது.

பிறகு எல்லை முடிவானது. விளவங்கோடு சென்னையோடு போயிற்று, நாம் திருவனந்தபுரத்தோடு நின்றோம். அந்தக் கிளர்ச்சியில் உயிரையே கொடுத்தவர்கள் உண்டு. நான் பேச்சு மட்டும் எழுதியவன். ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் கடைக்கு வந்து, "எல்லாம் முடிஞ்சு போச்சுலே" என்றேன்.

நீ தெருவை எட்டிப் பார்த்தாய். "மெதுவாப் பேசு மக்கா. முடிஞ்சுதுன்னு ஆபீசுல தெரிஞ்சா கொளம் போச்சு."

அந்த ஆண்டிலிருந்துதான் நம் ஊரில் எல்லைப் போராட்டம் உண்மையில் தொடங்கியது. ஆண்டுக்கு ஒரு கூட்டம். ஒரே மேடையில், தோற்ற வக்கீலும் ஜெயித்த வைத்தியரும். இந்த எல்லையில் தமக்குத் திருப்தியே இல்லை என்று அதிகமாக உருகியவர் வைத்தியர்தான். தீர்மானம் தாலுகா ஆபீசுக்குப் போகும். தகராறு இன்னும் தீரவில்லை போலிருக்கிறது என்று அவர்களும் குளத்தைத் தொடாமல் இருப்பார்கள். இரண்டு தலைவர்களும் காலமானபின் தீர்மானத்தை நீயே படித்தாய்.

இந்த ஆண்டு கூட்டத்துக்கு ஒரு புது ஆபீசர் வந்தார். சின்ன வயசு, நல்ல பையன். தான் பிறப்பதற்கு முன்பே எல்லைத் தகராறு தீர்ந்துவிட்டது, ஆகவே குளம் கமிட்டியிடம் இருக்க நியாயமில்லை என்று மரியாதையாகச் சொன்னார். எல்லாரும் உன் இடத்தைப் பார்த்தார்கள். அங்கே நான் உட்கார்ந்திருந்தேன்.

எழுந்தேன். கடலும் மலையும் தொண்டைவரை வந்தன. அவற்றை விழுங்கிவிட்டு, நீ ஆண்டுதோறும் தீர்மானத்தின் முடிவில் சொல்வதைச் சொன்னேன்.

"தீந்துதுன்னு நீங்க சொல்லுதிய சாரே. எங்கக்கிட்ட யாரும் கேக்கல்லியே."

தங்கம்மை அக்காவின் மகள் பலமாகத் தலையாட்டினாள். ஆபீசர் தண்ணீரைப் பார்த்தார். பிறகு, அடுத்த கமிட்டி எந்தக் கிழமை, தானும் வரலாமா என்று கேட்டார்.

நான் எழுதிய பேச்சுகளில் ஒன்றுகூட எனக்கு இப்போது நினைவில்லை. நீ சொன்ன அந்த ஒரு வரியை வைத்துத்தான் இந்த ஆண்டு குளத்தைக் காத்தேன். ஊரைக் கூட்டி வேடிக்கைக்காகச் சொல்கிறாய் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். என் வாயால் சொன்ன பிறகுதான் தெரிந்தது, அதில் பொய் ஒன்றும் இல்லை.