எழுந்து நின்றவர்கள் நாற்பத்தேழு பேர்

அன்புள்ள வாண்டுக்கு,

நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்ற எண்ணத்திலேயே பேனாவை எடுத்திருக்கிறேன். ஒரு பிள்ளைக்குத் தாயான பிறகும் உன்னை வாண்டு என்று எழுதலாமா என்று யோசித்தேன், வேறு எப்படி எழுதினாலும் யாருக்கோ எழுதுவதுபோல் இருக்கிறது. போனில் சொல்ல முயன்றேன், முடியவில்லை. நீ அவசரத்தில் இருப்பாய், அம்மா பக்கத்தில் இருப்பாள், எனக்கும் நினைத்ததில் பாதிதான் வாயில் வரும். எதையும் விட்டுவிடக் கூடாது என்று முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன். உங்கப்பாவுக்கு லெட்டர் எழுதச் சொன்னா டெண்டர் எழுதுவாரு என்று அம்மா எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறாள்.

1. வீட்டு நலம்.
2. நம் அணிக்கு மைதானம் வரப்போவதும், அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதும்.
3. அது பற்றி, ஒரு ரசிகன் என்ற முறையில், என் கருத்து.
4. ரசிகர் மன்றக் கூட்டத்தில் என்னைத் தவறுதலாக எண்ணிவிட்டது.
5. அத்தையும், பிளம்பர் கொண்டுவந்த தாளும்.
6. உனக்குச் சில புத்திமதிகள்.

முதலாவது சுருக்கம்தான். அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்த பிறகு பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது, அதனால் கஷ்டம் எனக்குத்தான், அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் தூசியெல்லாம் இப்போது அவள் கண்ணில் படுகிறது. என் முழங்கால் பழையபடிதான், உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது.

இரண்டாவது. நம் கால்பந்து அணிக்குச் சொந்த மைதானம் இல்லை என்பது உனக்குத் தெரியும். பக்கத்து ஊர்க் கல்லூரி மைதானத்தை வாடகைக்கு எடுத்து, அதையே நம் இடம் என்று சொல்லிக்கொண்டு முப்பத்தெட்டு வருடமாக ஆடுகிறார்கள். நாங்களும் ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய்க் கை தட்டிவிட்டு, ஐந்தரை மணிக்குக் கல்லூரிக் காவலாளி சொன்னதும் எழுந்து வந்துவிடுகிறோம். போன மாதம் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று இருந்தபோது, கூடுதல் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவர் கேட்டைப் பூட்டப்போவதாகச் சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினார். எப்போதும் என் பக்கத்தில் உட்காரும் சலூன்காரர், சொந்த வீட்லயே வாடகைக்கு இருக்கிற ஜென்மம் சார் நாம என்றார். இப்போது லீக் நடத்துகிறவர்கள், அடுத்த பருவத்துக்குள் பார்வையாளர் படிவரிசையோடு சொந்த மைதானத்துக்கு வேலை தொடங்காத அணியைக் கீழ்ப்பிரிவுக்கு இறக்கிவிடுவோம் என்று எழுதிவிட்டார்கள். அணியின் முதலாளியான ஐஸ் தொழிற்சாலைக்காரர் பாதிச் செலவை ஏற்றுக்கொண்டார், ரசிகர் மன்றம் கால் பங்கு தருகிறது, மீதிக் கால் பங்குக்கு நகராட்சியைக் கேட்டார்கள். நகராட்சியிடம் இந்த வருடம் இருக்கிற ஒரே பணம் கீழ்த்தெருவின் வடிகாலைத் திருத்திக் கட்ட ஒதுக்கிய பணம். உன் அத்தை குடியிருக்கும் அதே கீழ்த்தெருதான். கவுன்சிலர் ஒளிவுமறைவு இல்லாத மனிதர், நாங்களா எடுத்தா பேர் கெட்டுடும்ங்க, ஜனங்க கேட்ட மாதிரி இருக்கணும், மன்றத்துல ஒரு தீர்மானம் போட்டுக் குடுங்க, மாத்திடலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாவது. என் கருத்துக்கு யாரும் காத்திருக்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். ஆசை நம்முடையது என்றால் செலவும் நம்முடையதாக இருக்க வேண்டும். பந்து எந்தப் பக்கம் போனாலும் கவலைப்படாத ஒருத்தியின் வாசலிலிருந்து கல்லைப் பெயர்த்து நமக்கு இருக்கை கட்டிக்கொள்ளக் கூடாது. நகராட்சிப் பொறியியல் பிரிவில் முப்பத்தொரு வருடம் வரைபடம் போட்டவன் நான், கீழ்த்தெருவின் மட்டத்தை அளந்த நான்கு பேரில் ஒருவன். அந்தத் தெரு பெரிய வாய்க்காலைவிட இரண்டடி தாழ்வு, மழை பெய்தால் தண்ணீர் வெளியே போகாது, வாய்க்காலில் இருப்பதும் சேர்ந்து உள்ளே வரும். அத்தை தையல் மெஷினின் நான்கு கால்களுக்கும் செங்கல் வைத்து உயர்த்திவிட்டு, அந்த உயரத்துக்கு எட்டுவதற்காக நாற்காலியில் பழைய டெலிபோன் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் உட்கார்ந்து பள்ளிச் சீருடை தைக்கிறாள். இதையெல்லாம் சொல்லி, ஒரு மாற்றுத் திட்டமும் எழுதினேன். முதல் வருடம் தரை, வேலி, உடை மாற்றும் அறை மட்டும். பிறகு ஒரு பக்கம் படிவரிசை. மறுபக்கம் அதற்கும் பிறகு. அதற்குள் கீழ்ப்பிரிவுக்கு இறக்கினால் இறக்கட்டும், ஆடி ஏறிக்கொள்ளலாம். இதில் எனக்கே சந்தேகம் உண்டு, இறங்கிய அணி ஏறி நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனாலும் நான்கு பக்கம் எழுதி, மூன்று முறை திருத்தி, சலூன்காரரிடம் மட்டும் படித்துக் காட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கூட்டத்துக்குப் போனேன்.

நான்காவது. ஐஸ் தொழிற்சாலையின் லாரி ஷெட்டில் கூட்டம், தரையெல்லாம் ஈரம், தொண்ணூற்று மூன்று பேர். நம் மன்றத்தில் கை தூக்கும் வழக்கம் கிடையாது, கோல் விழுந்தால் எழுகிற மாதிரி, தீர்மானத்தை ஆதரிக்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள், எதிர்க்கிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். செயலாளரான லேத் பட்டறைக்காரர் தீர்மானத்தைப் படித்து, யாராவது பேசணுமா என்று கேட்டார். நான் தாளை வெளியே எடுத்தேன், முன் நாற்காலியின் முதுகைப் பிடித்தேன், ஒரு காலை ஊன்றினேன், மறு காலை ஊன்றினேன். நான் நிமிர்வதற்குள் அவர், சரி, யாரும் இல்ல, ஆதரிக்கிறவங்க எந்திரிங்க என்று சொல்லிவிட்டார். என்னைச் சுற்றிப் பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள். ஒரு நிமிஷம் என்று சொன்னேன், அது எனக்கே கேட்கவில்லை. எண்ணும் பொறுப்பில் இருந்த எலக்ட்ரீஷியன் நிற்பவர்களின் தோளைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தார், என் தோளையும் தொட்டார். நின்றவர்கள் நாற்பத்தேழு, உட்கார்ந்தவர்கள் நாற்பத்தாறு. யாரோ விசில் அடித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தே இருந்த சலூன்காரர் என்னை அண்ணாந்து பார்த்து, என்ன சார், எழுதினது ஒண்ணு, எந்திரிச்சது ஒண்ணா என்றார். முழங்கால் என்று சொன்னேன்.

ஐந்தாவது. மறுநாள் காலையில் அத்தை வீட்டுக்குப் போய் நடந்ததை மேலே எழுதியிருப்பதுபோலவே சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வாயில் இருந்த குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டு, நீ எதிர்த்துப் பேசத்தானண்ணே எந்திரிச்ச, அவனுங்களுக்கு எண்ணத் தெரியலைன்னா நீ என்ன பண்ணுவ, உக்காரு, முட்டி வலிக்கும் என்று டெலிபோன் புத்தகங்களைத் தள்ளிவிட்டுத் தன் நாற்காலியைக் கொடுத்தாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, எங்கண்ணனை ஏமாத்திட்டாங்க என்று அன்று மாலைக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இப்போது அந்தப் பக்கம் போனால் எல்லோரும் எனக்காக வருத்தப்படுகிறார்கள். அவளுக்கு அடுத்த வீட்டுப் பிளம்பர் நேற்று ஒரு தாளை டைப் அடித்துக்கொண்டு வந்தார். நான் எதிர்த்துப் பேசவே எழுந்தேன், என்னை ஆதரவாளராகத் தவறுதலாக எண்ணிவிட்டார்கள் என்று அதில் இருக்கிறது. ஒரு கையெழுத்து போதும் பெரியவரே, நீங்க இந்தப் பக்கம் வந்துட்டா அவங்க நாற்பத்தாறு, நாம நாற்பத்தேழு, தீர்மானம் செத்துச்சு என்றார். நகராட்சி திங்கட்கிழமை கூடுகிறது, அதற்குள் கொடுக்க வேண்டும். மழைக்காலத்துக்கு இன்னும் ஆறு வாரம். போட்டுக் குடுக்க வேண்டியதுதான, பேனாவுல மை இல்லையா என்று அம்மா கேட்கிறாள். இன்று காலை தாளை எதிரே வைத்துப் பேனாவைத் திறந்தேன், உனக்கு எழுதத் தொடங்கிவிட்டேன்.

ஆறாவது. பேரனுக்கு இருமல் என்றாயே, வெந்நீர் கொடு, ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் போனால் டாக்டரிடம் காட்டு, கைவைத்தியத்தையே நம்பிக்கொண்டிருக்காதே. வேலை செய்யும் இடத்தில் யார் எது சொன்னாலும் சரி சரி என்று சொல்லிவிட்டுப் பிறகு வீட்டில் வந்து அழுகிறாய் என்று மாப்பிள்ளை ஒரு முறை சொன்னார், அந்தக் குணம் உனக்கு வேறு எங்கிருந்தும் வரவில்லை, என்னிடமிருந்துதான் வந்தது, முடிந்தால் அதைப் பேரனுக்குக் கொடுக்காதே. வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும் தேதி நெருங்குகிறது, மறந்துவிடாதே. மூன்று பேரும் நீண்ட ஆயுளும் நல்ல உறக்கமுமாக இருக்க வேண்டும் என்று உன் அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

உறையில் போடும் முன் ஒரு முறை படித்துப் பார்த்தேன். நான்காவதாக எழுதியது தவறு, வாண்டு. என்னைத் தவறுதலாக எண்ணவில்லை. நான் இருந்தது ஏழாவது வரிசை, எலக்ட்ரீஷியன் எண்ணிக்கொண்டு அங்கே வர இரண்டு நிமிடமாவது ஆகியிருக்கும், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்திருக்கலாம். என் தோளில் கையை வைத்தவர் உடனே எண்ணவில்லை. நீங்களுமா சார் என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். எழுந்தது பேசுவதற்காகத்தான், அது சத்தியம். ஆனால் நிமிர்ந்து நின்ற பிறகு, சுற்றிலும் எல்லோரும் நிற்க, நமக்கும் ஒரு மைதானம் வந்துவிடும் என்று தோன்றியது, உட்கார மனம் வரவில்லை. பிளம்பரின் தாளில் கையெழுத்துப் போட்டால் அது பொய்க் கையெழுத்து. உண்மையைச் சொன்னால் அத்தைக்கு வடிகாலும் போகும், அண்ணனும் போவான்.

இப்படிக்கு,
உன் அப்பா