சந்தனம் பூசிய பேஸ் கிட்டார்

வாஷி வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆட்கள் வந்திருக்கிறார்கள். பூஜை அலமாரியை நகர்த்த வேண்டும் என்றார்கள். அதன்மேல் கிடந்த நம் பேஸ் கிட்டாரை இறக்கிக் கூடத்தில் வைத்தேன். காய்ந்த சந்தனமும் துருப்பிடித்த கம்பியும் கலந்து ஒரு வாசனை வந்தது. வேலையை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ தவறிப்போய்விட்டதாக உன் தம்பி போன் செய்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் மாலை ஆபீஸ் விட்டு பம்பாய் மாட்டுங்காவில் ரயிலை விட்டு இறங்கிய என்னை, வீட்டுக்குக்கூடப் போகவிடாமல் சயான் பக்கம் இழுத்துக்கொண்டு போனாய். பழைய வாத்தியக் கடையில் வயலின் உருவத்தில் ஒரு பேஸ் கிட்டார் மலிவாக வந்திருந்தது. ஏதோ பட்டறையில் செய்த நகல், கழுத்து லேசாக வளைந்திருந்தது. ஆனால் தடித்த கம்பியைச் சுண்டியதும் என் வயிற்றுக்குள் ஓர் அதிர்வு இறங்கியது. நீ டிரம் வாசித்த ஆர்க்கெஸ்ட்ராவின் பேஸ்காரன் மஸ்கட்டுக்குப் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவியில் உன் வாப்பாவின் தோல் பட்டறையில் அவன் கிட்டாரை வாங்கி வாங்கித்தான் நான் பழகியிருந்தேன். இதை வாங்கினால் அவன் இடம் எனக்கு. வாங்காவிட்டால் அப்பா பிடித்துக் கொடுத்த குமாஸ்தா நாற்காலியே கதி.

“எங்காத்துல இதை எங்கடா வெக்கறது? கிட்டார்னாலே அப்பா வாசல்லயே நிறுத்திடுவார்.”

“அதான் வயலின் மாரி இருக்குல்லா,” என்றாய். “நாளைக்கு உங்க வீட்ல சரஸ்வதி பூசதான? ஒங்க அக்கா வீணை பக்கத்துல சாத்தி வச்சிரு. எங்க பட்டறையில ஆளுவ மிஷினுக்குப் பொட்டு வச்சிட்டா, மறுநா வரைக்கும் எங்க வாப்பாவே தொடமாட்டாரு. பொட்டு விழுந்த சாமான யாருல வெளிய தூக்கிப் போடுவா?”

பண்டிகை முடிந்து பதில் சொன்னால் போதும் என்று கடைக்காரரும் கொடுத்துவிட்டார்.

எங்கள் வீடு உனக்குத் தெரியும். ஓர் அறை, ஒரு சமையலறை, ஐந்து பேர். அங்கே எதையும் ஒளிக்க முடியாது, எதையும் யோசிக்கக்கூட முடியாது. கடையிலிருந்து எடுத்து வந்தேன், இன்னும் காசு கொடுக்கவில்லை என்றேன். அம்மா அதைப் பெரிய வயலின் என்றே நம்பினாள். அப்பா கோயிலிலிருந்து வருவதற்குள் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பூவும் சாத்திவிட்டாள். அப்பா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு பூஜைக்கு உட்கார்ந்தார்.

விஜயதசமி காலை, “பூஜைல வெச்சதை எடுத்து வாசிக்கணும். எடுடா,” என்றார். பட்டறையில் நீ டிரம்மில் தாளம் தட்டத் தட்ட நான் பழகிய பாட்டிலிருந்து ஒரு வரியை வாசித்தேன். ஆம்ப்ளிஃபயர் இல்லாததால் முணுமுணுப்பாகத்தான் கேட்டது. அம்மா கண்ணை மூடிக் கைகூப்பினாள்.

“கடைக்குத் திருப்பிக் குடுக்கப்படாது. காசைக் குடுத்துட்டு வா,” என்றார் அப்பா. எனக்குத் தலைகால் புரியவில்லை. செருப்பை மாட்டப் போனபோது அடுத்ததையும் சொன்னார். “ஆனா பூஜை பண்ணின வஸ்துவைத் தூக்கிண்டு கல்யாண மண்டபம் மண்டபமா அலையப்படாது. ஆத்துலயே இருக்கட்டும். வருஷா வருஷம் இன்னிக்கு வாசி.”

பட்டறைக்கு வந்து சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு தோல் கட்டின்மேல் உட்கார்ந்தாய். “நாமளே பூட்டிட்டோம்ல,” என்று மட்டும் சொன்னாய்.

நீ பேஸுக்கு வேறு ஒருவனைச் சேர்த்துக்கொண்டு துபாய்க்குப் போனாய். நான் அதே லோக்கலில், அதே ஜன்னலோரத்தில் போய் வந்துகொண்டிருந்தேன். எனக்கு உன்மேல் பொறாமையாக இருந்தது. அந்தச் சிரிப்புக்காகக் கோபமும் இருந்தது. அதெல்லாம் உனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். லீவில் வரும்போதெல்லாம், பூஜை அலமாரிமேல் ஏறிவிட்ட கிட்டாரைப் பற்றி வாசலில் நின்றபடியே கேட்பாய், “ஏல, சாமி எறங்கிட்டா?” இல்லடா என்பேன். அப்பா போனார், அம்மா போனாள். அதன் பிறகும் கேட்டாய், அதன் பிறகும் அதே பதில்தான். தடுக்க யாருமில்லாத இந்த வாஷி வீட்டிலும் ஒவ்வொரு விஜயதசமிக்கும் இறக்கி, அந்த ஒரு வரியை வாசித்து, நானே திரும்ப மேலே வைத்தேன். அடைத்து வைத்தது அப்பாதான் என்று சொல்லிக்கொள்ள அதற்குமேல் வழியில்லை.

பெயிண்ட் காய்ந்ததும் மேலே வைத்துவிடலாமா என்று மனைவி கேட்கிறாள். வேண்டாம் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தேன். அடியில் மரம் இன்னும் பளபளப்பாக இருக்கிறது. கழுத்து நன்றாகவே வளைந்துவிட்டது, சுருதி நிற்கவில்லை. அந்த ஒரு வரியைத் தவிர என் விரலுக்கு இப்போது வேறொன்றும் நினைவில்லை. அதையே திரும்பத் திரும்ப வாசித்தேன், உன் டிரம் விழுகிற இடத்தில் மட்டும் நிறுத்தி நிறுத்தி. இன்றைக்கு விஜயதசமி இல்லை, வெறும் செவ்வாய்க்கிழமை.

எறங்கிட்டுடா.