குறை சொன்னவர் சமையல்

மார்ச் 3, செவ்வாய்

பேருந்து ஓட்டுநர்களுக்கு இன்று உடல் பரிசோதனை. எனக்கு ரத்த அழுத்தம் நூற்று எழுபது. டிப்போ மருத்துவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "உப்பைக் குறைங்க. நாலு வாரத்துல இறங்கலேன்னா ஸ்டியரிங்கைத் தொட முடியாது. தொலைஞ்ச பொருள் கவுண்டர்லதான் உட்காரணும்." இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டியவன் குடைகளுக்குக் காவலா?

மார்ச் 4

மனைவி உப்பைப் பாதியாக்கிவிட்டாள். ஒரு வாய் வைத்ததும், "சப்புன்னு இருக்கே" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். மாட்டினேன்! எங்கள் வீட்டுச் சட்டம் அப்படி: சாப்பாட்டைக் குறை சொன்னால் சமையல் அவர் தலையில், அடுத்த ஆள் குறை சொல்லும்வரை. மகள் கைதட்டினாள். எங்களோடு தங்கியிருக்கும் மச்சினன், "அடுப்பு எந்தப் பக்கம்னு தெரியுமா அத்தான்?" என்றான். கொழுப்பு.

மார்ச் 6

உப்புக்குப் பதில் எலுமிச்சை பிழியலாம் என்றாள் மனைவி. எத்தனை என்று நான் கேட்கவில்லை. காய்கறி சூப்பில் ஏழு பிழிந்தேன். மச்சினனுக்கு ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. "அருமை அத்தான்" என்றான், இன்னொரு கண்ணில் நீர் வழிய. குறை சொன்னால் கரண்டி அவன் கைக்குப் போகுமே! மகள், "வித்தியாசமா இருக்குப்பா" என்றாள். அது குறையா பாராட்டா என்று அரைமணி நேரம் வழக்கு. பாராட்டுதான் என்று தீர்ப்பு. தீர்ப்புச் சொன்னதும் அவளேதான்.

மார்ச் 9

சமைத்தேன். தின்றார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மார்ச் 13

மனைவி என்னைக் குறை சொல்வதில்லை. பிரிட்ஜிடம் பேசுகிறாள். "வெங்காயத்தை நிதானமா வதக்கினா உப்பு கம்மின்னே தெரியாது, இல்ல?" பிரிட்ஜ் வாயைத் திறக்கவில்லை. நான் தீயைக் குறைத்தேன். "பூண்டைக் கருக விடாம இருந்தா இன்னும் நல்லது" என்றாள் அதனிடமே. அதையும் செய்தேன். அட! மச்சினன் இரண்டாம் முறை தட்டை நீட்டினான், இரண்டு கண்ணையும் திறந்துகொண்டே.

மார்ச் 22

கவுண்டர் ஆள் இன்று விடுப்பு. அந்த நாற்காலியில் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். பயமாக இருக்கிறது. வண்டி இல்லாமல் நான் என்ன மனுஷன்?

மார்ச் 30

நாளை காலை மறுபரிசோதனை. இன்று சமையல் நன்றாகவே வந்திருந்தது, நானே சொல்கிறேன். மனைவி ஒரு வாய் தின்றுவிட்டு, "காய் வேகவே இல்ல" என்றாள். வெந்திருந்தது! "கல்லு மாதிரி இருக்கு" என்றாள் மகள். "வாயில வைக்க முடியல அத்தான்" என்றான் மச்சினன். மூன்றாவது தட்டு அவனுக்கு!

என்ன அநியாயம் இது என்று கத்தினேன். மனைவி கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். "நாளைக்கு நீங்க அடுப்புகிட்ட நிக்க வேணாம். பதறாம போயிட்டு வாங்க."

மார்ச் 31

நூற்று முப்பத்தொன்று! வண்டி எனக்குத்தான்.

சாப்பாடு மனைவி கையால். அளவான உப்பு, எல்லாமே பக்குவம். ஒரு குறையும் இல்லை. தட்டை இப்படியும் அப்படியும் திருப்பி, ரொம்ப நேரம் தேடிப் பார்த்துவிட்டு, "காய் கொஞ்சம் குழைஞ்சிருக்கே" என்றேன்.

நாளைக்குக் கேரட் வாங்க வேண்டும்.