மாரியம்மனுக்கு என் குரல்

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. கூரைத் தகரத்தில் அடிக்கிற அடியில் ஒரு வரிகூடப் பதிவு செய்ய முடியவில்லை. மழை விட்டால் றொசல்ல ஸ்டேஷனில் ரயில் ஊதுகிறது. ரயில் போனால் பக்கத்து வீட்டுக் குக்கர்.

செய்ய வேண்டியவை: மாரியம்மன் முதல் காட்சி. போன் சார்ஜ். அம்மாவின் முழங்காலுக்குத் தைலம்.

வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா தேயிலை மலையில் அம்மாவிடம் கேட்டாராம், மகள் பேரைக் கொழுந்து பறிக்கும் வேலைக்குப் பதியலாமா என்று. அம்மா: "அவ போன்ல சாமி வெளையாட்டு செய்யுறாங்கய்யா." எல்லோரும் சிரித்தார்களாம். சிரிக்கட்டும். கொழும்பு சஞ்சய் அண்ணாவின் விளையாட்டு அது. படம் நிற்கும், வசனம் ஓடும், ஆடுகிறவர் பதிலைத் தெரிவு செய்து உலகத்துப் பெண் தெய்வங்களைச் சந்திக்கலாம். கிரேக்கத்து அதீனா, எகிப்தின் பூனைமுக பாஸ்டெட், ஜப்பானின் அமத்தெராசு. மாரியம்மனுக்கு எழுதுவதும் பேசுவதும் நான். இது சரிவந்தால் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் கொழுந்துக் கூடைதான்.

ஜூலை 9, புதன்

எழுதி அனுப்பியிருந்த வசனத்தைப் படித்துவிட்டு சஞ்சய் அண்ணா அழைத்தார். "தங்கச்சி, இது கடவுள் பேசுற மாதிரி இல்ல. தோட்டத்து ஆக்கள் கதைக்கிற மாதிரி இருக்கு. நல்ல தமிழ்ல மாத்துங்க. சனிக்கிழமைக்குள்ள வராட்டி வேற ஆளைப் போடுவோம்."

நல்ல தமிழாம்! அதீனா வெளியூர்க்காரி, செந்தமிழ் பேசிவிட்டுப் போகட்டும். எங்கள் திருவிழாவில் ராக்கு அத்தை மேல் சாமி இறங்கி ஒரு தடவையாவது "மகளே, நீ வந்த காரணம் யாது?" என்று கேட்டிருக்கிறதா? "ஏன்டி இம்புட்டு நாளா வரல?" என்றுதான் கேட்கும். கேட்டதும் எல்லோருக்கும் குலை நடுங்கும்.

ஆத்திரம். சோறு இறங்கவில்லை. ரொட்டி மட்டும் இரண்டு.

ஜூலை 11, வெள்ளி

வெயில்! மத்தியானம் போர்வைக்குள் புகுந்து பதிவு. மாற்றாமல், அதே பேச்சு. "என்னைய மறந்துட்டு எங்கடி போன? எல்லைய விட்டு நான் போயிருவேன்னு நெனச்சியா?" நன்றாகவே கத்திவிட்டேன்.

அம்மா மலையிலிருந்து வந்தது தெரியாது. போர்வை மேல் சொம்புத் தண்ணீர் விழுந்தது. கற்பூர வாசம். அம்மாவின் குரல் நடுங்கியது: "தாயி, வந்துட்டியா? எம் புள்ள கூடையத் தூக்கக் கூடாது தாயி. அது என் முதுகோட போகட்டும்."

இதை அம்மா என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. போர்வையை விலக்கி, "நான்தாம்மா. வெளையாட்டுக்குப் பேசினேன்" என்றேன்.

மிச்சத் தண்ணீரும் என் தலையில். "சாமியோடயா வெளையாடுற?" பிறகு சிரிப்பு, பிறகு அழுகை. கடைசியில், "அச்சு அசலா தாயி பேச்சுதான் புள்ள. அதான் ஏமாந்துட்டேன்."

ஜூலை 12, சனி

தூறல். ஒரு சொல்லும் மாற்றப்போவதில்லை. அம்மாவின் வேண்டுதலும் பதிவில் விழுந்திருக்கிறது. சேர்க்கவா என்று கேட்டேன். "சேத்துக்க. சாமிகிட்டத்தான கேட்டேன்" என்றார்.

சஞ்சய் அண்ணாவுக்கு எழுதியது: "எங்கள் அம்மன் இப்படித்தான் பேசுவாள். என்னை மாற்றுவதென்றால் தெய்வத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள்."

அனுப்பப்போகும்போதுதான் உறைத்தது: அம்மாவின் வேண்டுதலுக்கு மாரியம்மன் பதிலே சொல்லவில்லை. இந்த இடத்தில் ஆடுகிறவருக்குப் பதில் தெரிவு கிடையாது, கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றும் எழுதினேன். மறுபடியும் போர்வைக்குள் போய், பேசி, சேர்த்து, அனுப்பிவிட்டேன்:

"அவ தூக்க மாட்டா. நீயும் எறக்கி வை."