படிவத்தில் மூன்றாவது கோடு

பாப்பா,

ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க முன்னாடியே கிளம்புகிறேன். நீயும் அம்மாவும் பத்து மணிக்குள் ஆட்டோவில் வந்துவிடுங்கள். பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடாதே. பால் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன். ஆடையை எடுத்துவிட்டேன்.

"செத்தது அண்ணன்தானே, எனக்கு எதுக்குப்பா டெஸ்ட்?" என்று நேற்று கதவைச் சாத்திக்கொண்டாய். அதற்குப் பதிலை இதில் எழுதுகிறேன்.

அண்ணனை ஓட்டப்பந்தயத்தில் சேர்த்தபோது பள்ளிக்கூடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்ததுண்டா என்று கேட்டிருந்தது. 'இல்லை' என்று எழுதியவன் நான்தான். உன் சித்தப்பா குளத்தில் மூழ்கிப் போனான் என்றே சொல்லிச் சொல்லி நம் வீட்டில் பழகிவிட்டோம்.

போன வாரம் டாக்டர் கேட்டார்: "உங்க தம்பிக்கு நீச்சல் தெரியாதா?"

எனக்கே நீச்சல் கற்றுக்கொடுத்தவன் அவன், பாப்பா. முதலில் இதயம் நின்றிருக்கும், அப்புறம்தான் மூழ்கியிருப்பார் என்கிறார். அண்ணனுக்கும் இதேதானாம், ரத்தவழியில் வருவதாம். முன்கூட்டியே தெரிந்தால் மாத்திரையிலேயே காப்பாற்றலாமாம். எனக்கும் இன்றைக்குத்தான் டெஸ்ட்.

அப்பா

உன் அலாரத்தை அணைத்துவிட்டேன். திடீர்ச் சத்தம் ஆகாதாம். அம்மா தொட்டு எழுப்புவாள்.

இன்னொன்று. போன வாரம் கொடுத்த ஆஸ்பத்திரிப் படிவத்திலும் அதே கேள்விதான். பெயர் எழுத மூன்று கோடு விட்டிருக்கிறார்கள். என் தம்பி பெயரையும் உன் அண்ணன் பெயரையும் எழுதிவிட்டேன். மூன்றாவது கோட்டில் என்னை இன்னொரு பெயர் எழுத வைத்துவிடாதே. கோபத்தோடவே வா, பரவாயில்லை. வந்துவிடு.