புட்டிச் சேறும் ஒரு பூஜ்யமும்

இன்று காலை எங்கள் தெருச் சாக்கடையைத் தோண்டிக் கறுப்புச் சேற்றை வாசலில் குவித்துவிட்டுப் போனார்கள். அழுகிய முட்டை நாற்றம். ஜன்னலைச் சாத்தினேன், தாழ்ப்பாள் சரியாக விழுந்ததா என்று இரண்டு முறை பார்த்தேன். என் வழக்கம் உனக்குத் தெரியும். அப்படியும் நாற்றம் உள்ளே வந்தது. அதோடு நீயும் நினைவில் வந்தாய்.

நம் கல்லூரியின் ஆசிரியர் அறைக்கு ஒருநாள் இதே சேற்றை ஊறுகாய்ப் புட்டியில் கொண்டுவந்தாய். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துக்குப் பக்கத்துக் குட்டையில் அள்ளியது. மூடியைத் திறந்ததும் மற்றவர்கள் எழுந்து ஓடினார்கள். நான் மூக்கைப் பொத்தினேன்.

“மூக்கப் பொத்தாதடா. உள்ள நம்ம சொந்தக்காரங்க கீறாங்க,” என்றாய்.

“நாறுதே.”

“நாத்தம் வேற ஆளுங்க வேலை. மேல வருது பாரு குமிழி, அது இவங்களோடது.”

ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களைச் சொன்னாய். பார்வைக்கு பாக்டீரியா போலிருக்கும். அதனால் நம் பாடநூல் இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டிவிட்டது. ஆனால் மரபணுவைப் படியெடுக்கத் தொடங்கும் விதத்தில் அவை நம் பக்கம் என்றாய். எனக்குப் பிடிபடவில்லை. உன் அப்பா சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் கூண்டான கேஜுக்கு மணி அடித்தவர் அல்லவா, அதை வைத்தே விளக்கினாய். ஆர்க்கியா ஒரு சின்ன ஷாஃப்ட், கேஜ் இறங்கும் குழி. இரண்டு ஆட்கள் போதும். டி.பி.பி. என்ற புரதம் மரபணுவின் முன்னால் டாட்டா என்னும் இடத்தைக் கண்டு அங்கே உட்காரும். டி.எஃப்.பி. என்ற புரதம் அதன் பக்கத்தில் நின்று எந்தத் திசையில் போவது என்று காட்டும். உடனே பாலிமரேஸ் என்னும் இன்ஜின் வந்து படியெடுக்கத் தொடங்கிவிடும். நம் செல் பெரிய ஷாஃப்ட். அதே இரண்டு ஆட்களின் உறவினர், அதே வகை இன்ஜின். ஆனால் சுற்றிலும் ஒரு ஆபீசே நிற்கும்.

“அதுல டி.என்.ஏ. கேட்டைத் தொறக்கறவனுக்கு டீ வாங்கித் தந்தாதான் தொறப்பான். அந்த டீதான் ஏ.டி.பி., செல்லோட எரிபொருள். நம்ம சேத்து ஆளுங்க டீ கேக்காமலே தொறந்துடுவாங்க.”

சிரித்தேன். வீட்டுக்குப் போய் நோட்டில் எழுதிக்கொண்டேன். எனவே எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

அந்த வருடம் விடைத்தாள் திருத்த இருவரும் பெங்களூர் போனோம். நான்கு மதிப்பெண் கேள்வி ஒன்று: ஆர்க்கியாவில் படியெடுத்தல் எப்படித் தொடங்குகிறது? நமக்குக் கொடுத்த விடைக்குறிப்பில், அதாவது ‘கீ’யில், பாக்டீரியா போலவே, சிக்மா என்ற காரணியால் என்று இருந்தது. என் விடைத்தாள் கட்டுக்குள் ஒரு தாளில் டி.பி.பி., டி.எஃப்.பி. எல்லாம் வரிசையாக இருந்தன. ஓரத்தில் பென்சிலில் சின்னதாக ஒரு கேஜ் படம். உன் வகுப்புப் பிள்ளை என்று உடனே தெரிந்தது. விடைக்குறிப்பை ஒருமுறை பார்த்தேன். பூஜ்யம் போட்டேன்.

அடுத்த நாற்காலியிலிருந்து நீ எட்டிப் பார்த்தாய். “இன்னாடா இது, முட்டையா? அவன் எழுதினதுல தப்பு இன்னா கீது?”

“கீல அப்படித்தான் இருக்கு.”

நீ தாளை எடுத்துக்கொண்டு தலைமைத் தேர்வாளரிடம் போய்விட்டாய். அவர் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, “உங்க ஃப்ரெண்ட் சொல்றது சரியா சார்?” என்றார். மொத்த அறையும் திரும்பியது.

“நான் கீப்படிதான் சார் திருத்தினேன்,” என்றேன்.

உன்னை மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். அதன்பின் திருத்தும் பணிக்கு உன்னை அழைக்கவே இல்லை. என்னை ஓய்வு பெறும்வரை அழைத்தார்கள்.

அன்று மாலை இருவரும் ஊர் திரும்பும் ரயிலில் பங்காருப்பேட்டை வரை நீ ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாய். பிறகு உன் பன்னில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாய். “விட்றா. உனக்கு பயம், எனக்கு வாய். ரெண்டும் வியாதிதான்.” நான் அதை வாங்கித் தின்றேன்.

இன்று காலை சேறு குவிந்த அதே நேரத்தில் பாபு வந்தான். நமக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவன். இப்போது தேர்வுக்கு வினா விடைப் புத்தகம் போடுகிறான். சரிபார்க்கச் சொல்லிப் போன வாரம் என்னிடம் கொடுத்திருந்தான்.

“கையெழுத்து போட்டுடுங்க சார், பிரஸ்ஸுக்கு அனுப்பணும்.”

“ஆர்க்கியா பதில் தப்புப்பா.”

“இன்னா சார், பழைய கீல அப்படித்தானே கீது? நீங்களே அத வச்சுதானே திருத்தினீங்க?”

வாசல் நாற்றம் முழுவதும் என்னிடமிருந்தே வருவதுபோல் இருந்தது. பேனா மூடியைக் கழற்றினேன்.

“ஆமா. ஒரு புள்ள சரியா எழுதியிருந்தது. சரின்னு தெரிஞ்சே பூஜ்யம் போட்டேன்.”

அந்தப் பத்தியை அடித்துவிட்டு உன் விளக்கத்தை ஓரத்தில் எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவன் போனபின் சந்தேகம்: ஆர்க்கியாவில் கதவு திறக்க உதவும் மூன்றாவது ஆள் ஒருவன் உண்டு, அவன் இல்லாமலும் தொடங்கிவிடலாம் என்று நீ சொன்னாயே, அதை விட்டுவிட்டேனோ? நோட்டைத் தேடி எடுத்து, போன் செய்து ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அதுவும் சரியா என்று கேட்க நீ இல்லை.

மூக்கைப் பொத்தாமல் இருந்தேன் என்று எழுதினால் நீயே சிரிப்பாய். இந்தக் கடிதத்தையும் ஒரு கையால் பொத்திக்கொண்டுதான் எழுதுகிறேன். அந்தப் பிள்ளை தேறியதா என்று நான் விசாரித்ததே இல்லை. தாளின் முகம் மறந்துவிட்டது, எண் மறந்துவிட்டது. சிவப்பு மையில் நான் போட்ட பூஜ்யம் மட்டும் மறக்கவில்லை. துளிகூடக் கை நடுங்காமல், அவ்வளவு வட்டமாகப் போட்டிருந்தேன்.