வெட்டி ஒட்டிய பேச்சு

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
12-3-1968

அன்புள்ள தம்பி வீரபாகுவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே உயிரோடு இருக்கிறோம். நீ மகராசனாகத்தான் இருப்பாய்.

ரேடியோ செய்திக்குத் தெருவில் பேட்டி எடுக்கிறேன் என்று டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாய். "சும்மா பேசுக்கா, நான் பாத்துக்கிறேன்" என்றாய். நான் சொன்னது என்ன? "எங்க தெருவுல பொய்ச் சரிகை போடுறாங்கன்னு எவனாவது சொன்னா அவன் வாயில மண்ணு! அசல் சரிகைதான்பா போட்டுக்கினு இருக்கோம்." ஞாயிற்றுக்கிழமை வந்தது என்ன? "எங்க தெருவுல பொய்ச் சரிகை போடுறாங்க." அவ்வளவுதான். டீக்கடை ரேடியோவில் ஊரே கேட்டது.

மறுநாளே முதலாளி உன் மாமாவைக் கூப்பிட்டு, "உன் பொண்டாட்டியே சொல்லிட்டாப்பா, இனிமே உங்க தெருவுக்கு நெய்யப் பாவு நூல் கிடையாது" என்றுவிட்டார். தெருவிலிருக்கும் பதினெட்டுத் தறியும் நின்றுவிட்டது. தறி நின்ற கோபத்தில் எதிர்வீட்டுச் செல்லியம்மாள் குழாயடியில் என் குடத்தை எட்டி உதைத்தாள்.

அடுத்த வாரம் என் முழுப் பேச்சையும் போடு. வேறெதுவும் கேட்கவில்லை.

உன் அக்கா
ரேணுகாம்பாள்

சென்னை
20-3-1968

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று நிமிஷத்தில் பன்னிரண்டு பேர் பேச வேண்டும். டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டுவதுதான் என் வேலை. நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை, எல்லாம் உன் குரல்தானே. துணிச்சலான பேட்டி என்று இங்கே கைகுலுக்கினார்கள்! அந்த டேப்பை அழித்து வேறு பதிவு செய்தாகிவிட்டது. முதலாளி கோபம் பத்து நாளில் ஆறிவிடும். மாமாவுக்கு வணக்கம், குட்டி தேவகிக்கு முத்தம்.

உன் தம்பி
வீரபாகு

சென்னை
2-6-1968

அன்புள்ள அக்காவுக்கு,

ஏன் பதிலே இல்லை? உங்கள் நெசவாளர்கள் யாரோ மனு கொடுத்து, என்மேல் விசாரணை வைத்திருக்கிறார்கள். வேலை நிரந்தரமாகும் நேரம் பார்த்து இப்படி! ரேடியோவில் வந்ததுதான் நீ பேசியது என்று விசாரணை அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுது, போதும். அக்கா சொன்னதை நான் வெட்டி மாற்றிவிட்டேன் என்று எவனாவது நிரூபித்தால் என் வேலை போய்விடும். உன்னை விட்டால் எனக்கு யார்?

உன் தம்பி
வீரபாகு

பிள்ளையார்பாளையம்
9-6-1968

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் வந்தது. அந்த மனுவில் முதல் கைநாட்டு செல்லியம்மாள். இரண்டாவது கையெழுத்து நான்.

நீ கேட்டபடி விசாரணை அதிகாரிக்குக் கடிதம் போய்விட்டது, ரிஜிஸ்டர் தபாலில். நான் எழுதினால் ஏதோ பொம்பளை ஆத்திரத்தில் எழுதினாள் என்பார்கள். அதனால் உன் எழுத்தையே அனுப்பினேன். "அக்கா சொன்னதை நான் வெட்டி மாற்றிவிட்டேன்" என்ற வரியைக் கத்தரித்தேன். "என்று எவனாவது" கீழ் வரிக்குப் போயிருந்தது, எனக்கு வேலை மிச்சம். அதன் கீழே உன் கையெழுத்தைச் சோற்றுப் பசையால் ஒட்டினேன். ஒரு சொல்லும் சேர்க்கவில்லை தம்பி, எல்லாம் உன் கையெழுத்துதான். அதில் பொய்யும் இல்லை.

உன்னை நினைத்தால் பாவமாக இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன், இல்லை. உன் மாமா தென்னேரியில் ஏரிக்கரைக்கு மண் சுமக்கிறார். பட்டு நெய்த கை முழுக்கக் கொப்புளம். அதற்குக் களிம்பு தடவும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. உனக்கும் எரியட்டும்.

ஆவணியில் தேவகிக்குக் காது குத்துகிறோம். தாய்மாமன் மடிக்கு செல்லியம்மாளின் தம்பி அர்ஜுனனைச் சொல்லியாகிவிட்டது. தேவகிக்குச் சட்டைத் துணிகூட அவன் எடுத்துவிட்டான். நீ வர வேண்டாம்.

ரேணுகாம்பாள்